"நான் உங்கள் வக்கீல் இல்லை, கம்பெனியின் வக்கீல்": சிவில் வழக்கில் தனி ஆளும் நிறுவனமும்

பட்டறைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் நண்பரும் சேர்ந்து இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனி நடத்துகிறோம். ஆளுக்குப் பாதி. எங்களிடம் சரக்கு வாங்கிய ஒரு நிறுவனம், பாகங்கள் அளவு பிசகியதால் தங்கள் உற்பத்தியே ஒன்பது நாள் நின்றுபோனது என்று சொல்லி எங்கள் கம்பெனி மீது நஷ்டஈடு வழக்குப் போட்டிருக்கிறது. போன வாரம் வக்கீலைப் பார்க்கப் போனோம். உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம்: "ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் கம்பெனிக்குத்தான் வக்கீல், உங்கள் இருவருக்கும் இல்லை."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அந்தக் கம்பெனியே நாங்கள்தானே?

இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் கோர்ட் பக்கம் போயிருக்கிறேன். பன்னிரண்டு வருடம் முன்பு விபத்தில் கால் முறிந்தபோது தனி ஆளாக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டேன். அந்த வக்கீல் முதல் நாள் ஒரு பேப்பரைக்கூடக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு கேள்வி: "இப்போது மாடிப்படி ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள்?" அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. ஒவ்வொரு படியிலும் நல்ல காலை வைத்துவிட்டு மற்றதை இழுத்துக்கொள்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இவரோ ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து, மின்னஞ்சல்கள் எங்கே இருக்கின்றன, இன்ஷூரன்ஸ் பாலிசி உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். என் மனநிலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இது இயல்புதானா, அல்லது வேறு வக்கீலைப் பார்க்கவேண்டுமா?

-----

வக்காலத்து எழுதியது:

சிவில் பக்கம் 23 வருடமாக இருக்கிறேன். தனி ஆட்களுக்கும் வாதாடுகிறேன், நிறுவனங்களுக்கும் வாதாடுகிறேன். உங்கள் வக்கீல் செய்தது சரி என்றே சொல்வேன். சொன்ன விதம் இன்னும் பதமாக இருந்திருக்கலாம்.

கம்பெனியே நாங்கள்தானே என்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆரன் சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரி தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மீதி ஆறு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. கம்பெனி நொடித்துப்போனபோது, இது வெறும் முகமூடி, கடனை இவரே கட்டவேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. 1897ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே கடைசி மேல்முறையீட்டு மன்றம் அதுதான்) அதை மறுத்தது. கம்பெனி வேறு, சாலமன் வேறு. உங்கள் கம்பெனி தோற்றாலும் பொதுவாக உங்கள் சொந்தச் சொத்துக்குக் கை வராது என்ற நிம்மதி உங்களுக்கு இருக்கிறதே, அது அந்தத் தீர்ப்பின் வழியில் வந்தது. கடன் கேட்டு வருபவர்களிடம் கம்பெனி வேறு, நான் வேறு என்று சொல்லிவிட்டு, வக்கீலிடம் மட்டும் இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது.

அடுத்தது ரகசியம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981ல் தீர்த்த அப்ஜான் வழக்கில், கம்பெனி ஊழியர்கள் கம்பெனி வக்கீலிடம் சொல்வதற்கும் ரகசியப் பாதுகாப்பு உண்டு என்று ஆனது. ஆனால் அந்தப் பாதுகாப்பு கம்பெனியின் உரிமை. பேசிய ஆளின் உரிமை அல்ல. நாளைக்குக் கம்பெனி அதை விட்டுக்கொடுக்க முடிவெடுத்தால் பேசியவர் தடுக்க முடியாது. அதனால்தான் அங்கே வக்கீல்கள் பேச்சைத் தொடங்கும் முன்பே "நான் கம்பெனிக்கு வக்கீல்" என்று எச்சரிக்கை சொல்கிறார்கள். அதற்கு அந்த வழக்கின் பெயரே நிலைத்துவிட்டது. உங்கள் வக்கீல் சொன்னதும் அதுதான்.

இன்னும் நேராகச் சொல்கிறேன். அளவு சோதனையை உங்கள் கூட்டாளி ஒருநாள் தவிர்த்துவிட்டு "அனுப்பு, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருந்தால்? அந்த நிமிடமே உங்கள் நலனும் அவர் நலனும் இரண்டாகிவிடும். ஒரே வக்கீல் இருவருக்கும் சொந்த ஆளாக இருந்தால் பாதி வழியில் விலகவேண்டியிருக்கும், அதன் செலவு உங்கள் தலையில். நான் இப்படி ஒருமுறை விலகியிருக்கிறேன். எட்டு மாத வேலையை வேறு ஒருவர் முதலிலிருந்து படித்தார். வேறு வக்கீலைத் தேடாதீர்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் வேறொருவரிடம் ஆலோசனை கேளுங்கள், அது போதும்.

-----

கோப்புக்காரி எழுதியது:

நான் வக்கீல் இல்லை. ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறேன். பட்டறைக்கார அண்ணா, மின்னஞ்சல் எங்கே என்று அவர் கேட்டதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வழக்கு வந்துவிட்டது, அல்லது வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எதையும் அழிக்கக் கூடாது. அமெரிக்காவில் ஒரு பெண் அதிகாரி தான் வேலை பார்த்த வங்கி மீது பாகுபாட்டு வழக்குப் போட்டார், சுபுலேக் வழக்கு என்பார்கள். அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தும் வங்கி ஊழியர்கள் சில மின்னஞ்சல்களை அழித்துவிட்டார்கள். அழிந்தவை வங்கிக்கு எதிரானவை என்று ஜூரி எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிபதி அனுமதித்தார். 2005ல் வந்த தீர்ப்புத் தொகை சுமார் 2.9 கோடி டாலர். வக்கீல் ஒருமுறை கடிதம் அனுப்பினால் மட்டும் போதாது, அது நடக்கிறதா என்று கண்காணிக்கவும் வேண்டும் என்பதை அந்த நீதிபதி 2004ல் எழுதியது இன்றும் எங்கள் வேலையின் அடிப்படை.

பெரிய நிறுவனம், பெரிய தொகை என்று விட்டுவிடாதீர்கள். சின்ன இடத்தில்தான் இது சத்தமில்லாமல் நடக்கும். தானாக மறையும்படி வைத்த வாட்ஸ்அப் செய்திகள், வேலையை விட்டுப் போனவரின் அஞ்சல் பெட்டியை மூடுவது, புது போன் வாங்கியதும் பழையதைத் துடைத்து யாருக்காவது கொடுப்பது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் அது வேறு மாதிரி ஆகிவிடும். இன்றைக்கே அந்த மறையும் வசதியை நிறுத்துங்கள்.

-----

வக்காலத்து எழுதியது:

கோப்புக்காரி அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. இதோடு ஒன்று சேர்க்கிறேன், தனி ஆளுக்கும் நிறுவனத்துக்கும் வேலை எங்கே பிரிகிறது என்பது இதில்தான் இருக்கிறது.

தனி ஆள் வரும்போது மொத்த வழக்கும் அவர் தலைக்குள்ளும் ஒரு பைக்குள்ளும் இருக்கும். போன வருடம் ஒரு பெரியவர் வந்தார். வீட்டு வேலை எடுத்த ஒப்பந்ததாரர் பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் விட்டுப் போன வழக்கு. பிளாஸ்டிக் கவரில் ரசீதுகளை வைத்திருந்தார். எல்லாம் பில் மெஷினில் வரும் வழவழப்பான தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் எழுத்து லேசாகத் தெரிந்தது, நான்கில் சுத்தமாக ஒன்றுமே இல்லை. அந்தத் தாளில் மை கிடையாது, சூட்டில் கறுக்கும் பூச்சுதான். நாள்பட நாள்பட வெளுத்துவிடும். அவர் கையில் இருந்த ஆதாரம் பத்திரமாக வைத்த இடத்திலேயே கரைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நான் சட்டமே பேசவில்லை. ஒவ்வொன்றையும் நகல் எடுத்து, வெளுத்த நான்குக்கும் அவருடைய வங்கிக் கணக்கில் அதே தேதியில் பணம் போனதா என்று பார்த்தோம். மூன்று கிடைத்தது.

நிறுவனம் வரும்போது நிலைமை தலைகீழ். பேப்பர் மலையாக இருக்கும், நடந்தது என்ன என்று முழுதாகத் தெரிந்தவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். இயக்குநருக்கு ஒப்பந்தம் தெரியும், லாரியில் சரக்கு ஏறிய நாள் தெரியாது. அது தெரிந்தவர் கிடங்கில் இருப்பார், அவரை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். அமெரிக்க ஃபெடரல் நடைமுறையில் எதிர்த்தரப்பு கேட்டால் கம்பெனி தன் சார்பில் பேச ஓர் ஆளை நியமிக்கவேண்டும், அவர் சொல்வது கம்பெனியின் வாக்குமூலம். "எனக்குத் தெரியாது" என்று அவர் நழுவ முடியாது, கம்பெனிக்குத் தெரிந்ததைக் கேட்டறிந்து வரவேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத நாட்டிலும் நான் அதே கண்ணோடுதான் தொடங்குகிறேன். முதலில் கிடங்குக்குப் போவேன், அப்புறம்தான் இயக்குநர் அறைக்கு.

பட்டறைக்காரரே, உங்கள் வழக்குக்கே வருகிறேன். உற்பத்தி நின்ற நஷ்டத்தைக் கேட்கிறார்கள் அல்லவா? 1854ல் ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல் என்று ஒரு வழக்கு. மாவு ஆலையின் அச்சு உடைந்தது, புதிதாகச் செய்ய மாதிரிக்காக அதை அனுப்பினார்கள், கொண்டுபோனவர் தாமதித்தார், ஆலை நின்றது. ஆலை நின்ற லாப நஷ்டம் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் போட்டபோது இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடிய நஷ்டம்தான் கிடைக்கும் என்பது அங்கே உறுதியான விதி, பல நாடுகளில் இன்றும் அதுதான் அளவுகோல். ஆகவே தேடவேண்டியது: "இந்தப் பாகம் வராவிட்டால் எங்கள் லைன் நின்றுவிடும்" என்று அவர்கள் ஆர்டர் கொடுக்கும்போது உங்களுக்கு எழுதினார்களா? எழுதியிருந்தால் உங்களுக்குப் பாதகம். பாதகமாக இருந்தாலும் முதல் நாளே உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். குறுக்கு விசாரணையில் அவர் அதை முதல்முறை பார்க்கக் கூடாது.

அப்புறம் அந்த இன்ஷூரன்ஸ் கேள்வி. பல பொறுப்புக் காப்பீட்டு பாலிசிகளில், கோரிக்கை வந்ததும் தாமதமில்லாமல் தெரிவிக்கவேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அவர் உங்கள் மனநிலையைக் கேட்காமல் அதைக் கேட்டது உங்கள் நன்மைக்குத்தான்.

-----

நேர்பேச்சு எழுதியது:

எல்லாம் அழகாக இருக்கிறது. என் அனுபவம் வேறு. ஒரு பெரிய நிறுவனத்துக்கு எதிராகத் தனி ஆளாக நின்றேன். என் வக்கீல் மூன்றாவது மாதமே "சமாதானமாகப் போய்விடலாம்" என்று ஆரம்பித்தார். அவர்களுக்கு வாய்தா வாங்க வாங்க ஒன்றும் ஆகாது, நான்தான் ஒவ்வொரு தேதிக்கும் விடுப்பு எடுத்து நின்றேன். கடைசியில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கையெழுத்துப் போட்டேன். சமரசம் என்பது பலமுள்ளவன் பலவீனனுக்குச் சொல்லும் வார்த்தை என்றுதான் எனக்குப் படுகிறது.

-----

வக்காலத்து எழுதியது:

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஐயா. நிறுவனத்துக்கு வழக்கு என்பது கணக்குப் புத்தகத்தில் ஒதுக்கி வைக்கும் ஒரு தொகை. தனி ஆளுக்கு அது தூக்கம். இரண்டு பேருக்கும் ஒரே நீளமுள்ள காத்திருப்பு ஒரே பாரமாக இருப்பதில்லை. இதை மறந்துவிட்டு சமரசம் பேசும் வக்கீல் தவறு செய்கிறார்.

ஆனாலும் பெரும்பாலான சிவில் வழக்குகள் முழு விசாரணை வரை போவதில்லை என்பது நிஜம். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் 1962ல் முடிந்த சிவில் வழக்குகளில் 11.5 சதவீதம் விசாரணையில் முடிந்தன, 2002ல் 1.8 சதவீதம்தான். ஆகவே சமரசம் வருமா என்பதைவிட, அது வரும்போது நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். கோப்பை முழுதாகப் படித்து, சாட்சிகளைப் பார்த்து, விசாரணைக்கு நாளைக்கே போகலாம் என்ற நிலை வந்த பிறகு பேசினால் தொகை வேறு. மூன்றாவது மாதம் படிக்காமல் பேசினால் வேறு.

பலவீனமான தரப்புக்கும் கருவிகள் உண்டு. இங்கிலாந்தில் பார்ட் 36 என்று ஒரு விதி. வாதி ஒரு தொகைக்கு முறைப்படி சமரசம் சொல்லி, எதிரி மறுத்து, கடைசியில் தீர்ப்பு அந்தத் தொகைக்குச் சமமாகவோ மேலாகவோ வந்தால், எதிரி மீது கூடுதல் வட்டியும் செலவும் விழும். சரியான நேரத்தில் சரியான தொகையை எழுத்தில் வைத்தால், இழுத்தடிப்பது நிறுவனத்துக்கும் ஆபத்தாகிவிடும். உங்கள் வக்கீல் இப்படி எதையாவது உங்களிடம் விளக்கினாரா என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். பல வருடம் முன்பு, ஒரு தவறான பராமரிப்பால் அம்மாவை இழந்த ஒரு பெண்ணுக்கு வாதாடினேன். நல்ல தொகைக்குச் சமரசம் முடிந்தது, நானே பெருமைப்பட்டேன். ஒரு வருடம் கழித்து வந்து கேட்டார்: "சார், தப்பு நடந்தது என்று அவர்கள் எங்கேயாவது எழுதினார்களா?" ஒப்பந்தத்தில் வழக்கம்போல 'எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளாமல்' என்ற வரிதான் இருந்தது. ஒரு கடிதம் கேட்டிருக்கலாம். நான் கேட்கவே இல்லை, ஏனென்றால் அது வேண்டுமா என்று அவரிடமே கேட்கவில்லை. அன்றிலிருந்து முதல் சந்திப்பிலேயே கேட்கிறேன்: வழக்கு முடிகிற அன்று உங்கள் கையில் என்ன இருக்கவேண்டும்? பணமா, வருத்தம் தெரிவிக்கும் கடிதமா, அந்தச் சொத்தேதானா, இன்னொருவருக்கு இப்படி நடக்காத ஏற்பாடா?

-----

மூன்றாம்படி எழுதியது:

வக்காலத்து சார் கடைசியில் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதத் தோன்றியது. சூடான காபி கொட்டியதற்கு மில்லியன் கணக்கில் வாங்கினார்கள் என்று சிரிப்பாகச் சொல்வார்களே, மெக்டொனால்ட்ஸ் வழக்கு. 79 வயது மூதாட்டி, மூன்றாம் நிலைத் தீக்காயம், எட்டு நாள் மருத்துவமனை, தோல் ஒட்டு அறுவை. அவர் முதலில் கேட்டது சுமார் 20,000 டாலர். கம்பெனி தந்தது 800 டாலர் என்ற பதில். அதற்கு முந்தைய பத்து வருடத்தில் இதேபோல் 700க்கு மேல் புகார்கள் வந்திருந்தன என்பது வழக்கில்தான் வெளியே வந்தது. 1994ல் ஜூரி சொன்ன 27 லட்சம் டாலர் தண்டத்தொகையை நீதிபதி 4,80,000 ஆகக் குறைத்தார், பிறகு இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொண்டன.

அந்த நிறுவனத்துக்கு வாதாடிய இடத்தில் நான் இருந்திருந்தால், 800 டாலர் கடிதம் போகும் முன்பே அந்த 700 புகார்களை மேஜையில் வைத்துப் பேசியிருப்பேன் என்று அடிக்கடி நினைப்பேன். நிறுவனத்துக்கு நல்ல வக்கீல் என்றால் அதுதான் என் மனதில்.

-----

வக்காலத்து எழுதியது:

மிகச் சரி. கட்சிக்காரருக்குப் பிடிக்காததைச் சீக்கிரம் சொல்வது. தனி ஆளிடம் சொல்வது கஷ்டம், அழுதுவிடுவார். நிறுவனத்திடம் சொல்வதும் கஷ்டம், யாரிடம் சொல்வது என்றே தெரியாது. மேலாளரிடம் சொன்னால் அவருக்குப் பாதகமான பகுதியை மேலே சொல்லமாட்டார். நான் எழுத்தில் கொடுத்து, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்வேன்.

-----

புதுவரவு எழுதியது:

ஒரு சின்ன கேள்வி. என் சித்தப்பா கைமாற்றாக ஒருவருக்குப் பெரிய தொகை கொடுத்தார். அவர் "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். பேச்சுவார்த்தை நடக்கும்போது வழக்குப் போட்டால் உறவு கெடும் என்று சித்தப்பா தயங்குகிறார். காத்திருக்கலாமா?

-----

வக்காலத்து எழுதியது:

பேச்சு நடக்கிறது என்பதற்காகக் காலவரம்பு நிற்காது தம்பி. இந்த ஒரு காரணத்தால் நல்ல வழக்குகள் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தக் கடனுக்கு இந்தியாவில் பொதுவாக 3 வருடம், இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் 6, கலிஃபோர்னியாவில் எழுத்து ஒப்பந்தத்துக்கு 4, வாய்மொழிக்கு 2. உங்கள் ஊர்க் கணக்கு எது, எந்தத் தேதியிலிருந்து என்று இந்த வாரமே கேளுங்கள். காலவரம்பு முடிவதற்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் பல நாடுகளில் அன்றிலிருந்து புதிதாக எண்ணுவார்கள். உறவும் கெடாது.

கூடவே இன்னொன்று விசாரியுங்கள்: ஜெயித்தால் அவரிடம் எடுக்க ஏதாவது இருக்கிறதா? டிக்ரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, வாங்கிய பிறகுதான் வழக்காடியின் கஷ்டமே தொடங்குகிறது என்ற பொருளில், அன்றைய இந்தியாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1872லேயே எழுதியது. 150 வருடம் ஆகியும் அந்த வரியை, ஜெயித்த தொகையை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனுக்களில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

-----

பட்டறைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளில் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மறையும் செய்தி வசதியை எல்லோர் போனிலும் நிறுத்தினோம். எங்கள் கிடங்கு ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அவர் ஒரு கட்டம் போட்ட நோட்டு எடுத்து வந்தார். ஒவ்வொரு லாட்டிலும் மூன்று பாகத்தைக் கருவியில் அளந்து தேதியோடு எழுதியிருக்கிறார், அவராகவே. யாரும் எழுதச் சொல்லவில்லை. அந்த லாட்டுக்கான பக்கமும் இருக்கிறது, மூன்றில் ஒன்று அளவு தாண்டியிருக்கிறது. என் கூட்டாளியிடம் காட்டியிருக்கிறார், அவர் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

இரவெல்லாம் தூங்கவில்லை. வக்கீல் முதல் நாள் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இப்போது புரிகிறது. நோட்டை அப்படியே அவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதை முதலிலேயே கொண்டுவந்தீர்களே" என்று மட்டும் சொன்னார். எனக்கென்று தனியாக வேறொருவரை நாளை பார்க்கிறேன். அவரிடம் என்ன கொண்டுபோக வேண்டும்?

-----

வக்காலத்து எழுதியது:

நீங்கள் செய்தது பெரிய காரியம். கம்பெனிக் கடனுக்கு நீங்கள் சொந்தமாக ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பத்திரம், கூட்டாளியோடு போட்ட ஒப்பந்தம், வழக்குச் சம்மன் உங்கள் கைக்கு வந்த தேதி. பதில் தாக்கல் செய்ய அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தில் 21 நாள், இந்தியாவில் 30 நாள் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு கணக்கு இருக்கும், அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். கம்பெனி வக்கீலிடம் பேசியதை எல்லாம் அவரிடம் விவரிக்கும் முன், எதைச் சொல்லலாம் என்று அவரையே முதலில் கேளுங்கள்.

அந்த நோட்டு பென்சிலில் எழுதியதா, பேனாவிலா? பென்சில் என்றால் ஒரு எழுத்தைக்கூட யாரும் மேலே அழுத்தி எழுதிவிடக் கூடாது. இருக்கிறபடியே படம் எடுத்து வையுங்கள், அட்டை உட்பட எல்லாப் பக்கமும்.